பாட்டனார் சமாதி களவு போன வகையில்

ஜெஜு தீவில் மகள் வீட்டில் இடுப்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய மூத்த அண்ணன், நாம்குங் குலத்தின் தலைவாரிசு ஹக்கியு அவர்களுக்கு,

கிம்ச்சொனிலிருந்து சித்தப்பா மகன் தம்பி தல்சூ, நெற்றி தரையில் படக் குனிந்து எழுதிக்கொண்டது. இங்கே காலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. திராட்சைத் தோட்டங்களில் கடைசி அறுப்பும் முடிந்தது. தங்கள் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்பதை அறிய மனம் அடித்துக்கொள்கிறது. அண்ணியார் எந்நேரமும் கைபேசியில் ஆரஞ்சு விலை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சென்ற கடிதத்தில் குறைப்பட்டிருந்தீர்கள். ஆரஞ்சு பழுக்கவே இன்னும் நாள் கிடக்கும்போது என்ன விலை என்று எனக்கும் விளங்கவில்லை, ஆனாலும் முன்யோசனை நல்லதுதான். கண்புரை காரணமாகத் தங்களுக்கு வரும் கடிதங்களை அண்ணியாரே படித்துக் காட்டுவதால், இதை நிறுத்தி நிதானமாக, தாங்கள் உட்கார்ந்திருக்கும்போது படிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் செய்தி நல்ல செய்தியல்ல. நம் பாட்டனார் களவு போய்விட்டார்.

நடந்தவை பாதி தாங்கள் அறிந்தவைதான். இருந்தாலும் குற்ற அறிக்கை என்றால் ஆதியிலிருந்து எழுதுவதே போலீஸ்காரன் பழக்கம், முப்பது வருடம் நடுத்தெருவில் விசில் ஊதியவனுக்கு அது லேசில் போகாது. போன வருடம் சுசோக் அறுவடைத் திருநாளுக்கு முன்னால் மலையிலுள்ள குலப் பாட்டனார் சமாதியில் புல் வெட்டப் போனவர்கள் நாம் மூன்று பேர்தான். இளசுகளில் ஒருவனுக்குப் பரீட்சை, ஒருவனுக்கு முதுகுவலி, மீதிப் பேர் கைபேசியையே எடுக்கவில்லை. தாங்கள் புல்வெட்டும் இயந்திரத்தைக் குளவிக் கூட்டில் விட்டு, அதற்குப் பிறகு அந்தச் சரிவில் ஓடிய வேகத்தை நான் இப்போதும் வியக்கிறேன். இடுப்பு முறிந்தது அங்கேதான். அதன்பிறகு கூடிய குலக் கூட்டத்தில், இனி மலை வேண்டாம், குளவி இல்லாத இடமாகப் பார்த்துப் பாட்டனாரைக் குடிவைப்போம் என்று முடிவாகி, 'புதுக்குன்று' என்ற கைபேசி உலகத்தில் ஏழாம் மேட்டில் மனை எடுத்து, சமாதி மேடு, பெயர் பொறித்த கல், படையல் மேசை எல்லாம் அச்சு அசலாக எழுப்பினோம். எங்கிருந்தாலும் அவரவர் பெயரில் அங்கே நடமாடும் பொம்மையை அனுப்பி விழுந்து கும்பிட்டுக்கொள்ளலாம். படையலை மட்டும் இயந்திரம் செய்யக்கூடாது, குலத்து மருமகள்களே அங்கே தங்கள் பொம்மைகளை அனுப்பி அடை சுட வேண்டும் என்று தாங்கள் சொன்னதும், ஆண்கள் அத்தனை பேரும் கைதட்டியதும் நினைவிருக்கும். அண்ணியார் அன்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். அந்தச் சமாதிக்குக் காவல் என்று என்னை நியமித்தீர்கள். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. அதில்தான் இப்போது மண் விழுந்திருக்கிறது.

சுசோக் நெருங்குகிறதே என்று நான் மட்டும் சும்மா இருக்கவில்லை. மலையில் செய்ததை அங்கேயும் செய்யாவிட்டால் பாட்டனார் என்ன நினைப்பார் என்று, அந்த உலகத்துக் கடையில் ஒரு அரிவாள் வாங்கிக்கொண்டு ஏழாம் மேட்டுக்குப் போனேன். பக்கத்து மனையில் பூக்கடை வைத்திருப்பவள் ஒருத்தி. வைக்கோல் தொப்பி போட்ட பொம்மை. பெயர் 'காசித்தும்பை' என்று தலைக்கு மேலே மிதக்கும். அவள் வேலியோரம் வந்து நின்று, "சார்ஜன்ட், அந்தப் புல்லு அழகுக்கு விட்டது. இங்க யாரும் வெட்ட மாட்டாங்க" என்றாள். "யாரும் வெட்டாததாலதாம்மா நாடு இப்படி இருக்கு" என்றேன். "சரி, பாத்து வெட்டுங்க. அரிவாளுக்குக் கண்ணு கிடையாது" என்றாள். நான் அவளைச் சட்டை பண்ணாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீசி வெட்டி, 'எல்லாவற்றையும் அள்ளு' என்ற பொத்தானை அமுக்கிப் புல்லையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடி இல்லாததால் வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க முடியாமல், திருப்தியோடு வெளியே வந்து குளித்தேன். அன்றிலிருந்து என் பொம்மை கூனிக்கொண்டு மெதுவாகத்தான் நடக்கிறது. என் வயதை அந்த இயந்திரம் எப்படியோ கண்டுபிடித்துவிட்டதே என்று வியந்துபோனேன். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது அண்ணா.

மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால் மேடு இல்லை, கல் இல்லை, படையல் மேசையும் இல்லை. மொட்டைத் தலை மாதிரி வெறும் நிலம். அப்படியே பழைய ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே இணையக் குற்றப் பிரிவில் சொன்வூ என்றொரு இன்ஸ்பெக்டர், மரியாதை தெரிந்தவன்.

"ஐயா, உக்காருங்க. என்ன களவு போச்சு?"

"எங்க குலப் பாட்டன் சமாதி. கல்லோட."

பாவம், துள்ளி எழுந்து தொப்பியை மாட்டிவிட்டான். "எந்த மலைங்க? ரெண்டு வண்டி அனுப்பறேன்."

"மலையில இல்லப்பா. செல்போன்ல."

தொப்பியைக் கழற்றி வைத்தான். "சம்பவம் நடந்த இடம்?"

"புதுக்குன்று, ஏழாம் மேடு."

"அது யாரு எல்லைங்க? கம்பெனி ஆபீஸ் சியோல்ல. மிஷின் எங்கயோ பனிமலை தேசத்துல. நீங்க கிம்ச்சொன். திருடன் எங்க இருக்கான்னே தெரியல. நாலு ஊர் போலீசும் கூடித்தான் எஃப்ஐஆர் போடணும்."

"போடேன்."

"சரி, பொருளோட மதிப்பு சொல்லுங்க."

"பாட்டனுக்கு விலை போடச் சொல்றியாடா?"

"ஐயா, கோவிக்காதீங்க. பூஜ்யம்னு எழுதினா கேஸ் நிக்காது. போன வாரம் ஒருத்தர் கேம்ல வாங்கின டிராகன் களவு போச்சுன்னு வந்தாரு, ரசீது வச்சிருந்தாரு. ஜம்முன்னு எழுதிக்கிட்டோம். பாட்டனுக்கு ரசீது இருக்கா?"

பாருங்கள் அண்ணா. தெருவில் எச்சில் துப்பினால் சட்டம் உண்டு, டிராகனைத் தொட்டால் சட்டம் உண்டு, பாட்டனைத் தூக்கினால் கேட்க நாதியில்லை. இதற்கு ஒரு சட்டம் வேண்டுமென்று நம் தொகுதி உறுப்பினருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், தாங்கள் முதல் கையெழுத்துப் போட வேண்டும்.

சரி, கம்பெனியையே கேட்போம் என்று போன் போட்டால், முதலில் ஒரு பாட்டு, பிறகு ஒரு பொத்தான், பிறகு இன்னொரு பாட்டு. என் காது சூடேறிய பிறகு ஒரு பெண் வந்தாள். தேன் ஒழுகும் குரல்.

"அன்பான குன்றுவாசியே, சொல்லுங்க."

"எங்க பாட்டன் சமாதியக் காணோம்."

"வருந்துறோங்க. ஆனா விதிப்படி புதுக்குன்றுல இருக்கற எல்லாப் பொருளும் கம்பெனிக்குச் சொந்தம். உங்களுக்கு அனுபவிக்கற உரிமை மட்டுந்தான். அதனால உங்க பொருள் எதுவும் களவு போகலீங்க."

"அப்ப எங்க பாட்டனும் உங்க ஆளா?"

"ஆமாங்க. பாட்டனும் சேத்துத்தான்."

"அப்படின்னா சுசோக்குக்கு நீங்க வந்து விழுந்து கும்பிடுங்கம்மா. அடையும் நீங்களே சுட்டு வையுங்க!"

"அந்தச் சேவை எங்ககிட்ட இல்லீங்க."

அண்ணா, நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டேன். உடனே அவர்கள் என் பொம்மையின் வாயைத் தைத்துவிட்டார்கள்! மறுநாள் வரை பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டலாம். திருடினால் தண்டனை இல்லை, திட்டினால் தண்டனை உண்டு. இதுதான் அவர்கள் சட்டம் ஒழுங்கு. ஆனால் வாய் திறந்த பிறகு ஒரு நல்லது செய்தார்கள். தொந்தரவு அதிகம் கொடுப்பவர்களை அந்தக் கம்பெனி தன்னார்வக் காவலர் ஆக்கிவிடுகிறதாம். அப்படி எனக்கு ஒரு மஞ்சள் கைப்பட்டையும் விசிலும் கொடுத்தார்கள். கைப்பட்டையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

பதவியேற்றதும் ஏழாம் மேட்டு முச்சந்தியில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினேன். அந்த உலகத்தில் முக்கால்வாசிப் பேர் பறக்கிறார்கள். பறந்தால் என்ன, வலது பக்கமாகப் பறக்க வேண்டியதுதானே? நான் விசில் ஊதிக் கை காட்டியதில் சிறகு முளைத்த குதிரைகள் பன்னிரண்டாம் மேடு வரை வானத்தில் வரிசை கட்டி நின்றன. சிலர் என்மேல் புகார் கொடுத்ததாகக் கேள்வி. ஒழுங்கு என்றால் சிலருக்குக் கசக்கத்தான் செய்யும்.

விசாரணையில் எனக்கு நேர்ந்த கஷ்டம் வேறு. நம் ஊரில் ஒருவனைப் பிடித்தால் முதல் கேள்வி என்ன? "உனக்கு வயசென்ன?" அது தெரியாமல் நீ என்பதா, நீங்கள் என்பதா, அதட்டுவதா, குனிவதா? பெற்றோர் வைத்த பெயரைக்கூடப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே எல்லாப் பொம்மைக்கும் ஒரே பளபளப்பு முகம். முயல் காது வைத்த ஒன்று சமாதிப் பக்கம் திரிந்தது. பிடித்து வயதைக் கேட்டேன். எண்பத்தொன்று என்றது. நான் பதறிப்போய்க் குனிந்து, என் நாற்காலியைக் கொடுத்து, "தாங்கள் இவ்விடம் எழுந்தருளிய காரணத்தை அடியேன் அறியலாமா" என்று கேட்டேன். அதற்கு அந்தப் பெரியவர், "டியூஷனுக்கு நேரமாச்சு, அம்மா கூப்பிடுறாங்க" என்று போய்விட்டார். அந்த வயதில் தாயார் உயிரோடிருப்பதும், படிப்பில் ஆர்வம் குறையாததும் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

ஆனால் அந்தக் காசித்தும்பைக்காரி மட்டும் வயதைச் சொல்லவே மறுத்தாள்! "சார்ஜன்ட், நான் இங்க வந்ததே வயச மறக்கத்தான். வெளிய நான் யாருக்குப் பெரியவ, யாருக்குச் சின்னவன்னு ஆயுசு பூரா பாத்தாச்சு. இங்க நான் வெறும் பூக்காரி" என்றாள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? அப்போதே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. கண்காணித்தேன். அவள் கடையில் எந்நேரமும் பெண் பொம்மைகள் கூடிக் கூடிப் பேசுகின்றன, குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய் போடக் கூடினால் எப்படியோ அப்படி ஒரே சிரிப்பு. என்னைக் கண்டால் கப்சிப். அதில் சிவப்பு மழைக்கோட்டுப் பொம்மை ஒன்று ரொம்ப மோசம். நான் கிட்டே போனால் நாக்கை நீட்டும். அது அடிக்கடி சட்டென்று மறைந்துவிடும், அந்த நேரம் பார்த்து என் மனைவி ஓக்புன் சமையலறையிலிருந்து, "ஏங்க, சோறு ஆறுது" என்பாள், நானும் துப்பைக் கோட்டைவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். இது கொள்ளைக் கூட்டம், அந்தப் பூக்கடைதான் பதுக்கல் கிடங்கு, வைக்கோல் தொப்பிதான் தலைவி என்று முடிவு கட்டினேன். புல் வெட்டிய அன்று அரிவாளைப் பற்றிப் பேசி என்னை மிரட்டியவளும் அவள்தானே?

எல்லாவற்றையும் எழுதிக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். காவலர் கொடுத்த புகார் என்பதால் அங்கே நீதிபதி கிடையாது, வக்கீல் கிடையாது, இயந்திரமே தீர்ப்பெழுதும். நூடுல்ஸ் வேகிற நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: காசித்தும்பைக்கு நிரந்தரத் தடை. நம் உயர்நீதிமன்றம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் நேரில் நின்று நிறைவேற்றினேன். பூக்கடை, பின்னாலிருந்த தோட்டம், அவரைப் பந்தல், எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியாக அவளும் மறைவதற்கு முன், "சார்ஜன்ட், ஒண்ணே ஒண்ணு. படையல்ல மீன் தலை கிழக்க பாக்கணும். நீங்க வருஷா வருஷம் மேற்க வைக்கிறீங்க" என்றாள். கேட்டீர்களா அண்ணா? வருடா வருடமாம்! எத்தனை வருடமாக நம் குலத்தை வேவு பார்த்திருக்கிறாள் என்று நினைக்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது.

ஆக, குற்றவாளி பிடிபட்டுத் தண்டனையும் அடைந்துவிட்டாள். பாட்டனார் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை. அவளை ஒழித்த வேகத்தில் அவரை எங்கே வைத்தாள் என்று கேட்க விட்டுப்போனது. கிடைக்காவிட்டால் சுசோக் அன்று குலம் முழுவதும் வந்து வெறும் நிலத்தில் விழுந்து கும்பிட்டு, காவலுக்கு நின்றவன் எங்கே என்று கேட்குமே என்பதுதான் என் ஒரே கவலை. ஆயினும் இத்தனை துரிதமாகத் துப்புத் துலக்கியதை முன்னிட்டு, என்னை ஆயுட்காலக் காவலராக அறிவிக்கும் தீர்மானத்தை அடுத்த குலக் கூட்டத்தில் தாங்களே முன்மொழிய வேண்டுகிறேன்.

தங்கள் எலும்பு இரும்பாகட்டும். தீவில் காற்று அதிகம், மார்பை மூடிக்கொள்ளுங்கள். அண்ணியாருக்கு என் தனிப்பட்ட வணக்கம். அவர் கை அடை இல்லாமல் குலத்துக்கு ஏது திருநாள்?

தங்கள் சொல் தட்டாத தம்பி,
நாம்குங் தல்சூ,
ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவல் சார்ஜன்ட்,
புதுக்குன்று ஏழாம் மேட்டுக் காவலர்.

பி.கு.: நேற்றிரவு கடிதத்தை மடிப்பதற்குள் ஓக்புன் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். படித்தவள் என் கைபேசியை வாங்கினாள். "ஏங்க, உங்க பொம்மை ஏன் கூனிக்கிட்டு நடக்குதுன்னு என்னிக்காவது அந்தப் பையத் திறந்து பாத்தீங்களா?" என்று திறந்தாள். புல்லுக்கட்டு, புல்லுக்கட்டு, புல்லுக்கட்டு, அதற்கடியில் ஒரு படையல் மேசை, அதற்கடியில் பாட்டனார். கல்லோடு. அரிவாளுக்கு உண்மையிலேயே கண் கிடையாது அண்ணா. எல்லாவற்றையும் அள்ளு என்றால் எல்லாவற்றையும்தான் அள்ளுமாம்.

"சரி, நீங்க ஒழிச்சுக்கட்டின பூக்காரி யாருன்னாவது தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "ஜெஜுவுல உக்காந்து ஆரஞ்சு வெல பாக்கறாங்களே, அவங்கதான். அந்தச் சிவப்பு மழைக்கோட்டு நான்."

ஆகவே இந்த இடத்திலிருந்து இந்தக் கடிதம் அண்ணிக்கு. அண்ணி, தாங்கள் இதை அண்ணனுக்கு உரக்கப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இவ்வளவு தூரம் நிறுத்தாமல் படித்திருந்தால் அதுவே என்மேல் காட்டிய பெருங்கருணை. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் போலீஸ்காரன் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்தக்கூடாது. நாங்கள் அங்கே குடிவருவதற்கு முன்பிருந்தே மூன்று வருடம் பாத்தி கட்டி, விதை போட்டு, எங்கள் குலத்துக்கு அடை சுட்ட கை ஓய்வெடுக்க ஒரு தோட்டம் வைத்திருந்தீர்கள். அதை நான் கைப்பட்டை கட்டிக்கொண்டு நின்று அழித்தேன். வெட்கமாக இருக்கிறது அண்ணி.

கம்பெனியில் கேட்டுவிட்டேன். புகார் பொய் என்று நான் ஒப்புக்கொண்டால் தங்கள் தோட்டம் அவரைப் பந்தலோடு திரும்பிவிடும். ஆனால் பொய்ப் புகார் கொடுத்தவனுக்கு நிரந்தரத் தடை, அவன் பையும் அதிலுள்ளதெல்லாமும் அழிக்கப்படும். பாட்டனாரை முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுகிறேனே என்றேன். விசாரணையில் உள்ள பொருளைத் தொடக்கூடாதாம். இன்று காலை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாட்டனார் போனால் போகட்டும், அவர் ஏற்கெனவே ஒரு முறை இறந்தவர்தான், அவருக்குப் பழக்கம் உண்டு. அவருடைய உண்மையான மேடு மலையில் குளவிகளோடு பத்திரமாக இருக்கிறது. நாளை அரிவாளை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு.

பூக்கடைப் பெண்கள் கூடித் தீர்ப்பளித்துவிட்டதாக ஓக்புன் சொல்கிறாள். அதற்கு அப்பீல் கிடையாதாம். இந்த சுசோக்குக்கு அடை சுடுவது குலத்து ஆண்கள், தலைமைச் சமையல் நான். ஏற்றுக்கொண்டேன். மீன் தலை கிழக்கே பார்க்க வேண்டும் என்பதை இனி இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன். ஆனால் அண்ணி, மீன் அடைக்கு மீன் துண்டை முதலில் மாவில் புரட்டுவதா, முட்டையில் முக்குவதா? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.